ஆனைமலையில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

காங்கேயத்து வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்துடன் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குச் செல்ல எண்ணியுள்ளோம். என் அம்மாவுக்கு வயது 68. மூட்டு வலி இருப்பதால் நெடுந்தொலைவு நடக்க இயலாது. பிள்ளைகள் இருவரில் மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்கு எட்டு வயது. எங்களிடம் இரண்டு நாள்களே உள்ளன. கணவர் போட்ட பட்டியலில் டாப்சிலிப், பரம்பிக்குளம், ஆழியாறு, குரங்கு அருவி, வால்பாறை, சோலையாறு, திருமூர்த்தி மலை, அமராவதி முதலைப் பண்ணை என எட்டு இடங்கள் இருக்கின்றன. இவற்றை இரண்டு நாளில் பார்த்துவிட முடியுமா? இளையவனுக்குப் புலியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஒரே ஆசை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆழியாற்றுக்கரை எழுதியது:

சகோதரி, உங்கள் கணவரின் பட்டியலில் உள்ள எட்டு இடங்களையும் இரண்டு நாளில் வண்டியில் சுற்றிவிடலாம். ஆனால் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தார்ச்சாலையாகவே இருக்கும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். அதில் ஆழியாற்றுக்கு மேல் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. டாப்சிலிப்புக்குச் செல்வதோ முற்றிலும் வேறு சாலை. ஆனைமலை ஊர், வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாக ஏற வேண்டும். இரண்டுமே ஒரே மலைத்தொடரில் இருப்பதால் பக்கம் பக்கமாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அடிவாரத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அமராவதியும் திருமூர்த்தி மலையும் உடுமலைப் பக்கம் உள்ளவை. அவற்றுக்கு மூன்றாவது வழி.

அம்மாவுடனும் பிள்ளைகளுடனும் செல்வதானால் டாப்சிலிப்பில் ஓர் இரவு தங்குங்கள் என்பதே என் கருத்து. வனத்துறையின் தங்கும் விடுதிகளில் அம்புலி இல்லம் பலரும் அறிந்தது. இணையவழியில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். விடுமுறை நாள்களில் நேரில் போய் அறை கேட்டால் கிடைக்காது. இருசக்கர வாகனங்களைச் சேத்துமடைச் சோதனைச்சாவடிக்கு மேல் விடுவதில்லை. காரில் செல்லத் தயக்கமாக இருந்தால், பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் செல்லும் அரசுப் பேருந்து இருக்கிறது. அதில் சன்னலோரம் அமர்ந்து போவதே தனி இன்பம்.

அங்கு என்ன பார்க்கலாம் என்று கேட்டால், முதலில் அந்த ஊரின் பெயரையே பாருங்கள். பழைய பெயர் உலாந்தி. ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரித்து உருட்டிவிட்டதால் டாப்சிலிப் என்ற பெயர் நிலைத்தது. கப்பல் கட்டவும் தண்டவாளக் கட்டைகளுக்காகவும் இந்த மலையை மொட்டையடித்தார்கள். அப்படி வெறுமையாகிக்கொண்டிருந்த காட்டை மீட்டவர்களில் ஒருவர் ஹியூகோ உட் என்ற வன அதிகாரி. மரத்தை வேரோடு தோண்டி எடுக்காமல், அடிக்கட்டையை விட்டு வெட்டச் செய்து, அது மறுபடி தழைக்க வழிசெய்தார். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணில் குழியிட்டுத் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே செல்வாராம். அவர் 1933இல் மறைந்தார். விருப்பப்படியே அந்தத் தேக்குகளுக்கு நடுவில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை டாப்சிலிப்பிலேயே இருக்கிறது. பிள்ளைகளை அங்கே கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

புலியைப் பற்றி ஒரு சொல்: இளையவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வடநாட்டுச் சரணாலயங்களில் புல்வெளி ஓரத்தில் புலி நடந்து போவதைப் படங்களில் பார்த்திருப்பான். நம் காடு அப்படிப்பட்டதன்று. மூங்கிலும் புதரும் அடர்ந்தது. பத்தடி உள்ளே புலி நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. நான் இருபது ஆண்டுகளாகப் போய்வருகிறேன், இருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

தேயிலை மேட்டு ஆசிரியர் எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் வால்பாறையை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. நான் அங்கே பிறந்து வளர்ந்தவன். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு வால்பாறைச் சாலையே பொருத்தம் என்பேன்; ஏனென்றால் அங்கு வண்டியை விட்டு இறங்காமலேயே பார்க்கக்கூடியவை மிகுதி.

ஆழியாற்றிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு காட்சிமுனை உண்டு. இச்சாலையை அமைத்த லோம் என்பவரின் பெயரால் அதை அழைப்பார்கள். அங்கிருந்து ஆழியாறு அணை நீர் முழுவதும் கீழே விரிந்து தெரியும். அந்தப் பாறைச் சரிவுகளில்தான் நம் மாநில விலங்கான வரையாடு காலையிலும் மாலையிலும் வந்து நிற்கும். செங்குத்தான பாறையில் குட்டியுடன் அது ஏறுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அட்டகட்டியைத் தாண்டிக் கவர்கல் வரும்போது பனிமூட்டம் சாலையை மூடிக்கொள்ளும். அங்கு மெதுவாகச் செல்ல வேண்டும்.

வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டத்தில் உள்ள சோலைத் துண்டில் சோலைமந்தி வாழ்கிறது. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். கரிய உடல், முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. தேயிலைக்காகக் காடு துண்டுபட்டதால் மரம் விட்டு மரம் தாவ வழியின்றி இவை சாலையில் இறங்குகின்றன. வண்டிச் சக்கரத்தில் அடிபட்டும் இறக்கின்றன. அதற்காகவே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், தாய் குட்டியை வயிற்றில் இடுக்கிக்கொண்டு பாலத்தைக் கடப்பது தெரியும். தயவுசெய்து ஒரு வாழைப்பழத்தைக்கூட வீசாதீர்கள். ஒருமுறை சாலையோரத்தில் தீனி கிடைத்துவிட்டால், அதன்பின் அவை சாலையை விட்டு அகல்வதில்லை.

யானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலையில் தேயிலைக்குள் நிற்கும் யானைக் கூட்டத்தைத் தெரியாமல் நெருங்கித் தொழிலாளர்கள் உயிரிழப்பது எங்கள் ஊரில் நீண்ட காலத் துயரம். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் வனத்துறையுடன் சேர்ந்து, உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகளை நட்டார்கள். அருகில் யானை இருந்தால் கைப்பேசி வழியே விளக்கு எரியும், குறுஞ்செய்தியும் வரும். நீங்கள் மாலையில் அப்படி ஒரு சிவப்பு விளக்கு எரியக் கண்டால் படம் எடுக்கலாம் என்று இறங்காதீர்கள்; உள்ளேயே இருங்கள்.

மலைச்சாலை ஓட்டுநர் எழுதியது:

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த மலையில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். நான்கு செய்திகள் மட்டும் சொல்கிறேன். ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். பிள்ளைகளுக்கு வயிறு முட்ட உணவு கொடுத்து ஏற்றாதீர்கள்; இட்லி இரண்டும் கையில் எலுமிச்சம்பழமும் போதும். வால்பாறை செல்வதானால் இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) நடைமுறையையும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலாற்று வாசகர் எழுதியது:

டாப்சிலிப் சென்றால் எல்லோரும் கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவது சரிதானா என்று எனக்கு நெடுநாளாக ஐயம் உண்டு. காட்டில் திரிய வேண்டிய உயிரைச் சங்கிலியில் கட்டிவைத்து, அதற்குக் கவளம் ஊட்டுவதை வேடிக்கை பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. 2019இல் சின்னத்தம்பி யானைக்கு நேர்ந்ததை நாம் அனைவரும் கண்ணால் பார்த்தோமே. கோவை அருகே தடாகம் பகுதியில் பிடித்து, டாப்சிலிப் பக்கம் காட்டில் விட்டார்கள். அது அங்கே நிற்காமல் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து உடுமலைப் பக்கத்துக் கரும்புக் காட்டுக்கு வந்தது. திரும்பவும் பிடித்து வரகளியாறு யானை முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். அந்த நாள்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆழியாற்றுக்கரை எழுதியது:

ஐயா, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. சின்னத்தம்பி வாழ்ந்த தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளும் கட்டடங்களும் யானையின் வழியை அடைத்துவிட்டன. அந்தக் குற்றம் யானையுடையதும் அன்று, முகாமுடையதும் அன்று. ஆனால் முகாமைப் பார்க்கவே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. ஊருக்குள் இறங்கிய யானையைக் கொல்லாமல் காட்டுக்குத் திருப்புவதற்குக் கும்கிகள் எனப்படும் பழக்கப்பட்ட முகாம் யானைகள் தேவைப்படுகின்றன. கலீம் என்ற கும்கி 99 மீட்புப் பணிகளில் பங்கேற்று, அறுபது வயதில், 2023 மார்ச்சில் பணி ஓய்வு பெற்றது. வனத்துறையினர் அதற்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள்.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அங்குள்ள மாவுத்தர்கள் எனப்படும் யானைப் பாகர்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் பெரும்பாலும் மலசர் குடியினர். ஒரு காவடி தன் யானையின் காதருகே பேசுகிற பேச்சை நின்று கேளுங்கள். அந்த உறவைச் சங்கிலி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. கேழ்வரகுக் களி, கொள்ளு, சோறு ஆகியவற்றை உருட்டிக் கவளமாக்கி ஊட்டும் நேரத்தில் வனத்துறை வண்டியில் அழைத்துச் செல்வார்கள். தைப்பொங்கலின்போது யானைகளைக் குளிப்பாட்டி அலங்கரித்து வைக்கும் பொங்கலும் அங்கே உண்டு. யானையைத் தொட்டுப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிட்டுப் போனால், பார்ப்பதில் பிழையில்லை.

பாலாற்று வாசகர் எழுதியது:

நீங்கள் சொல்லும் உறவை நான் மறுக்கவில்லை. ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளை அங்கு போய்த் திரும்பும்போது, யானை என்பது கூப்பிட்டால் வரும் உயிர் என்ற நினைவோடு திரும்பக் கூடாது. அதனால் முகாமைப் பார்ப்பதற்கு முன் காட்டு யானையின் தடத்தையாவது, பிண்டத்தையாவது அவனுக்குக் காட்டிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரிசை முக்கியம்.

உடுமலை உழவர் எழுதியது:

காங்கேயத்துச் சகோதரிக்கு இந்த மலையோடு உள்ள உறவை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். உங்கள் பகுதித் தோட்டத்துக்கு முறை வைத்து வரும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீர் இந்தக் காட்டிலிருந்து வருவதுதான். மேலே புல்மலையில் பெய்யும் மழையைப் புல்லும் சோலையும் பிடித்துவைத்து ஆண்டு முழுவதும் கசியவிடுகின்றன. மேற்கே ஓட வேண்டிய நீரைச் சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு அணைகளில் தேக்கிச் சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பி, சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறக்கி, அங்கிருந்து ஏறக்குறைய 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாயில் மலையடிவாரத்தை ஒட்டியே கொண்டுவந்து திருமூர்த்தி அணையில் சேர்க்கிறார்கள். அங்கிருந்துதான் நான்கு மண்டலங்களுக்கும் முறைப்பாசனம். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள எல்லைக்குள் இருந்தாலும் பராமரிப்பது தமிழ்நாடு. என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) அந்த அணை வேலைக்குக் கல் சுமந்தவர். குளிர் காய்ச்சலில் படுத்து எழுந்த கதைகளை, கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு எங்களுக்குச் சொல்வார்.

புல்மலைக்குள் பொதுவாகச் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. அதைக் குறையாக எண்ண வேண்டாம். புல்மலை, கரியன் சோலை, மஞ்சம்பட்டி ஆகிய மூன்றும் சேர்ந்த பகுதியே இங்குள்ள தேசியப் பூங்கா; சுற்றியுள்ள காப்பகத்தைவிடக் கடுமையான பாதுகாப்பு உடையது. குறிஞ்சி 2018இல் பூத்தது. இனி 2030இல்தான் பூக்கும்.

உடுமலைப் பக்கம் வருவதானால் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். திருமூர்த்தி மலையில் அமணலிங்கேசுவரர் கோயில் பாறையை வணங்கிவிட்டுப் பஞ்சலிங்க அருவிக்கு ஏறலாம். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே காட்டாறு பெருகிவிடும் என்பதால், காவலர் ஏற வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். அமராவதியில் 1975இல் தொடங்கிய முதலைப் பண்ணை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அங்கிருந்து மூணாறு செல்லும் சாலையில் ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால், கோடையில் அமராவதி அணைக்குத் தண்ணீர் குடிக்க யானைகள் சாலையைக் கடக்கும். ஆரன் அடிக்காமல் எஞ்சினை அணைத்துக் காத்திருந்தால் அவை தம் வழியே போய்விடும்.

ஈரோட்டு இளைஞர் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளவும். நண்பர்கள் நால்வர் மலையேற விரும்புகிறோம். சென்ற முறை ஒரு தனியார் விடுதியில் தங்கியபோது, இரவில் காட்டுக்குள் அழைத்துச் சென்று விலங்கு காட்டுகிறோம் என்று பணம் கேட்டார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம். முறையான வழி என்ன?

தேயிலை மேட்டு ஆசிரியர் எழுதியது:

மறுத்தது மிகச் சரி. இரவில் காட்டுக்குள் செல்வது குற்றம். பிடிபட்டால் வழக்கு உங்கள்மீதும் வரும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் நாற்பது வழித்தடங்களுடன் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். அவர்களில் பலர் பழங்குடி மக்கள். ஆனைமலைப் பகுதியில் டாப்சிலிப்–பண்டாரவரை, ஆழியாறு கால்வாய்க்கரை, மானாம்பள்ளிப் பக்கத்து மானாம்போலி ஆகியவை அதில் உள்ளன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுப்பாடுகள் இறுகின. ஆகவே கோடையில் பாதைகளை மூடுவதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்திலும் அதன் பின்பும் அட்டை கடிக்கும். காலுறைக்கு மேல் உப்பும் மூக்குப்பொடியும் கலந்து தடவிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் உப்பை வைத்தால் தானே விழுந்துவிடும்.

காங்கேயத்து வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் போய்வந்தோம். கடன்பட்டது போலிருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பட்டியலிலிருந்த எட்டு இடங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். கணவருக்கு முதலில் மனமில்லை. வாய்க்கால் தண்ணீரைப் பற்றி உடுமலை ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, அம்மா தான் அந்தத் தண்ணீர் வரும் இடத்தில் ஓர் இரவு தூங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதன்பின் பேச்சே எழவில்லை.

டாப்சிலிப்பில் பிற்பகலில் இறங்கினோம். வரவேற்பு மையத்துக்கு எதிரிலுள்ள புல்வெளியில் புள்ளிமான்களும் காட்டுப்பன்றிகளும் மேய்ந்துகொண்டிருந்தன. வனத்துறை வண்டியில் சென்றபோது பதினொரு காட்டுமாடுகள் கொண்ட ஒரு கூட்டத்தைப் பார்த்தோம்; முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தது போன்ற கால்கள். நம் காங்கேயம் காளையின் திமிலையே பெரிதாக நினைத்திருந்த என் மகன் வாயடைத்துப் போனான். பாலாற்று ஐயா கேட்டுக்கொண்டபடி, முகாமுக்குப் போகும் முன் வழிகாட்டியிடம் சொல்லி வழியோரத்தில் யானைப் பிண்டத்தைக் காட்டச் செய்தோம். முதல் நாள் இரவு போட்டது என்று அவர் சொன்னார். செரிக்காத மூங்கில் நாரும் அதில் முளைவிட்டிருந்த ஒரு விதையும் இருந்தன. மகள் அதைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டாள்.

முகாமில் கவளம் ஊட்டுவதைப் பார்த்தோம். அம்மா ஒரு மாவுத்தரின் மனைவியிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். களிக்குக் கேழ்வரகு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் கிண்ட வேண்டும் என்பதெல்லாம் கேட்டார்.

மறுநாள் விடியற்காலையில் கரியன் சோலையின் ஓரத்தில் வழிகாட்டி எங்களைப் பதினைந்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னார். அம்மா ஒரு கல்லில் அமர்ந்துகொண்டார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மேலே கிளை அசைந்து, செம்மண் நிறத்தில் பூனையைவிட நீண்ட மலையணில் ஒன்று பழம் தின்பது தெரிந்தது. சற்று நேரத்தில் தலைக்கு மேலே காற்றைக் கிழிப்பது போன்ற பெரிய ஓசை. இருவாச்சி பறந்து போகிறது என்று அவர் மெல்லச் சொன்னார். இறகின் ஓசையைக் கேட்ட பின்பே பறவையைப் பார்த்தோம். தைக்குப் பின் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து தன்னையே அடைத்துக்கொள்ளும் என்றும், வாயில் இடுக்கு வழியாக ஆண் பறவை அத்திப்பழம் ஊட்டும் என்றும், ஆண் பறவை செத்தால் உள்ளிருக்கும் குஞ்சுகளின் உயிருக்கும் ஆபத்து என்றும் அவர் சொன்னதைக் கேட்டு இளையவன் அன்று முழுவதும் புலியைப் பற்றிப் பேசவில்லை.

திரும்பும் வழியில் ஆழியாறு ஏறி ஒன்பதாவது வளைவு வரை மட்டும் போனோம். ஆசிரியர் சொன்ன பாறையில் வரையாடுகள் ஐந்து நின்றன. அவ்வளவுதான், அங்கிருந்தே இறங்கிவிட்டோம். வால்பாறைக்கும் சோலைமந்திக்கும் இன்னொரு முறை வர வேண்டும்.

பரம்பிக்குளம் போகாததில் அம்மாவுக்குச் சிறு குறை. அங்கே கன்னிமாரா தேக்கு என்ற மிகப் பழைய மரம் இருப்பதாகவும், அதை வெட்டப் போனபோது இரத்தம் வடிந்ததால் கும்பிடத் தொடங்கியதாகவும் அந்த மாவுத்தரின் மனைவி சொன்னாராம். எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டிலும் ஏழு கல் நட்டுக் கன்னிமாரைக் கும்பிடுகிறோம். அதே கன்னிமாரா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரால் அந்த மரம் வரை போக முடியுமா?

ஆழியாற்றுக்கரை எழுதியது:

முடியும், சகோதரி. பரம்பிக்குளம் நுழைவிலுள்ள ஆனைப்பாடியிலிருந்து கேரள வனத்துறையின் வண்டியிலேயே வழிகாட்டியுடன் அழைத்துச் செல்வார்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அம்மா நடக்க வேண்டியது கொஞ்சம்தான். சுற்றளவு ஏறக்குறைய ஏழு மீட்டர் உள்ள மரம் அது. மாசி பிறந்துவிட்டால் தேக்கு இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். தை முடிவதற்குள் வந்தால் மரத்தை இலையோடு பார்க்கலாம். வரும் நாளைச் சொல்லுங்கள், சேத்துமடையில் காத்திருக்கிறேன்.